ஊர்வலம் நின்றால் ஊதுகிறவர்

"என் மூச்சு இவ்ளோதான் சாமி. அதை ரெட்டிப்பா இழுத்து வுடறதுக்கு நான் இன்னா ரப்பரா?"

பேண்டு செட் கிளாரினெட்காரர் ஷரஃபுதீன் இப்படிக் கேட்டது, அடையாறு பக்கம் ஒரு இன்ஜினியரிங் காலேஜ் ஹாஸ்டலில், மெஸ்ஸை ஒட்டிய சின்ன அறையில். எதிரே நின்றவன் சுவாமிநாதன், மூன்றாம் வருஷம் படிக்கிற மயிலாப்பூர்ப் பையன். அந்த அறைதான் பையன்களின் ரேடியோ. அங்கிருந்து கம்பி இழுத்து ஒவ்வொரு பிளாக்குக்கும் ஒரு ஸ்பீக்கர் வைத்திருந்தார்கள். கேட் வாட்ச்மேன் அறையிலும் ஒன்று.

"கோச்சுக்காதீங்கோ பாய். கேட்டவா எல்லாரும் பிரமாதம்னு சொல்றா."

"எது பிரமாதம்? நான் ஊதுனதா, நீ கெடுத்ததா?"

ஷரஃபுதீனுக்கு அப்போது நாற்பத்தெட்டு வயது. குடியிருப்பு சிந்தாதிரிப்பேட்டையில். தங்கமான மனுஷன் என்று அவரை யாரும் சொன்னதில்லை, மனைவி சகினா உட்பட. குழம்பில் உப்பு குறைந்தால் தட்டைத் தள்ளுவார். சரியாக இருந்தால் வாயே திறக்க மாட்டார். ஆடியில் கல்யாணம் கிடையாது, குடை ரிப்பேர் செய்வார். மற்ற மாதங்களில் அன்வர் பாஷாவின் பேண்டு செட்டில் சிவப்புக் கோட்டு மாட்டிக்கொண்டு, மயிலாப்பூரிலும் தி.நகரிலும் மாப்பிள்ளை ஊர்வலத்துக்குச் சினிமாப் பாட்டு ஊதுவார். அதை எவனும் ஊதுவான். அவருடையது என்று இருந்தது ஒன்றே ஒன்று.

ஊர்வலம் நகர்ந்தால் பாட்டு. மாப்பிள்ளை கார் நின்றுவிட்டால் பாட்டை வீணாக்கக் கூடாது. பேசினது இருபது பாட்டு என்றால், இருபத்தோராவது பாட்டுக்கு அன்வர் பாஷாவுக்கு வயிறு எரியும். அதற்காகச் சத்தம் அடங்கவும் கூடாது, அடங்கினால் பெண் வீட்டார் முகம் சுளிப்பார்கள். அதனால் மற்றவர்கள் பீடி பற்றவைக்க, ஷரஃபுதீன் மட்டும் ஊதுவார். அதற்கு மெட்டும் கிடையாது, பேரும் கிடையாது. பஸ் ஹாரன் அடித்தால் அதைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறுவார். சம்பந்தியம்மாள் கத்தினால் அதே கத்தலை வாங்கி, கொஞ்சம் கொஞ்சமாகக் குழைத்துக் கீழே இறக்குவார். இருபது வருஷத்தில் ஒரு தடவை ஊதியதை மறு தடவை ஊதியதில்லை.

எழுபத்து மூன்று தை மாதம் சுவாமிநாதனுடைய அக்கா கல்யாணத்தில் ஜானவாசம், அதாவது மாப்பிள்ளை ஊர்வலம். பெட்ரோல் தீர்ந்து கார் முக்கால் மணி நேரம் நின்றது. அவ்வளவு நேரமும் பையன் ஷரஃபுதீன் பக்கத்திலேயே நின்றான்.

"பாய், அமெரிக்காவுல இதைத்தான் புது ஜாஸ்ங்கறா. நீங்க எங்க கத்துண்டேள்?"

"கார் நிக்குது, ஊதறேன். இதுல கத்துக்க இன்னா கீது?"

அடுத்த வாரம் அவரை வீட்டுக்கு வரச்சொல்லி, இருபது நிமிஷம் ஊதச்சொல்லி, காலேஜ் டேப் ஒன்றில் பிடித்தான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் டிபன் நேரத்தில், தன்னுடைய ஜாஸ் நிகழ்ச்சியில் போடப்போவதாகச் சொன்னான்.

அன்வர் பாஷாவுக்கு அந்த ஊதல் எப்போதுமே பிடிக்காது. பூனைச் சண்டை என்பார். நிறுத்திவிடப் போவதாக அந்த மாதம் சொல்லிக்கொண்டே இருந்தார். "ரேடியோவுலயே போடறான், வந்து கேளு. அப்பால நிறுத்து" என்று ஷரஃபுதீன் அவரை அழைத்துப் போனார். இரண்டு பேரும் வாட்ச்மேன் அறை வாசலில் நின்றார்கள். ஷரஃபுதீன் என்று பேர் சொன்னார்கள். அவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். அப்புறம் ஸ்பீக்கரில் வந்தது, தண்ணி லாரி மேடு ஏறுகிற மாதிரி ஒரு முனகல்.

அன்வர் பாஷா ஐந்து நிமிஷம் கேட்டார்.

"இதுக்கா ரெண்டு பஸ்ஸு மாறி வந்தேன்? இனிமே கார் நின்னா டிரம் மட்டும் அடிக்கட்டும். நீயும் பீடி புடி."

அதனால்தான் மறுநாள் காலையிலேயே இந்தச் சண்டை.

நடந்தது இதுதான். டேப் பிடித்த மெஷின் வேறு, ரேடியோ அறை மெஷின் வேறு. இதில் குமிழ் பாதி வேகத்தில் இருந்தது. இருபது நிமிஷ ஊதல் நாற்பது நிமிஷமாக இழுத்துக்கொண்டு ஓடியது.

"போடறப்போ தெரியலியா?"

சுவாமிநாதன் தரையைப் பார்த்தான். "கொஞ்ச நேரத்துலயே தெரிஞ்சுது பாய். ஆனா மெஸ்ஸுல எல்லாரும் சாப்பிடறதை நிறுத்திட்டுக் கேட்டுண்டிருந்தா. ஸ்லோவாக் கேட்டா இன்னும் புதுசா இருந்தது. விட்டுட்டேன்."

"பேரு என்னுது, தப்பு உன்னுது. எவன் பொழப்புல மண்ணு வுழுந்துச்சு?"

மறுபடி சரியாகப் போடு என்றார். அடுத்த வாரத்துக்கு வேறு ரெக்கார்டு முடிவாகிவிட்டதாம். சரி, டேப்பையாவது கொடு என்றார். அது காலேஜ் சொத்து, பதிலுக்குக் காலி டேப் ஒன்று வைத்தால்தான் வெளியே போகுமாம், விதியாம். அவர் ஊதியதற்கு அவர்கள் கொடுத்தது ஒரு டம்ளர் காப்பி. அதற்கு மட்டும் ஒரு விதியும் இல்லை.

வீட்டில் சகினா பிடித்துக்கொண்டாள். "அவன் தப்பு பண்ணுவான், நீ டேப்பு வாங்கித் தருவியா? நல்லா கீது நாயம்."

"அது என் மூச்சுடி. அவன்கிட்ட கெடந்தா நாளைக்கு இன்னும் இழுப்பான்."

காலி டேப் ஒன்றை வாங்கினார், மூன்று ஊர்வலத்துக் கூலி அதற்கே போயிற்று. வரவில்லையென்றால் ஞாயிற்றுக்கிழமை கோட்டு மாட்ட மாட்டேன் என்று மிரட்டி, அன்வர் பாஷாவையும் கூட்டிக்கொண்டு மறுபடி ஹாஸ்டலுக்குப் போனார். புது டேப்பை மேஜைமேல் வைத்தார்.

"குமிழைத் திருப்பு. ஒருவாட்டி முழுசா போடு. அப்பால கழட்டிக் குடு."

சுவாமிநாதன் போட்டான். கிளாரினெட் மெல்லக் கிளம்பியது. நடுவில், டேப் பிடித்த அன்று அவன் வீட்டு அடுப்பங்கரையில் அடித்த குக்கர் விசில் கேட்டது. கிளாரினெட் அதை எட்டிப் பிடித்து, அதைவிட உயரமாகப் போய், அங்கிருந்து சிரித்துக்கொண்டே இறங்கியது. அன்று முனகலாகக் கேட்டது இந்த இடம்தான். அன்வர் பாஷா வாய்க்குள் கிடந்த வெற்றிலையை மெல்லவே மறந்தார்.

டேப் ஓடி முடிந்தது. சுவாமிநாதன் மெதுவாகச் சொன்னான். "பாய், இதை அடுத்த மாசம் கண்டிப்பா..."

"கழட்டு."

டேப்பைத் துணிப்பைக்குள் போட்டுக்கொண்டு நடந்தார். வீட்டில் அதைப் போட்டுக் கேட்க மெஷின் கிடையாது. அது அவருக்கும் தெரியும்.

பஸ் ஸ்டாப்பில் அன்வர் பாஷா ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ஞாயித்துக்கிழமை பாண்டி பஜார். கார் நின்னா ஊதித் தொலை."

நல்லதற்கு வாய் திறக்கிற பழக்கம்தான் ஷரஃபுதீனுக்குக் கிடையாதே. பஸ் வருகிற வரைக்கும் பொறுத்துப் பார்த்துவிட்டு அன்வர் பாஷாவே கேட்டார்.

"அந்தக் காலி டேப்பு இன்னா வெல?"

"முப்பத்தெட்டு ரூபா."