கடைசி ஓவரில் தெருவுக்கு வருபவர்

கடைசி ஓவருக்கு முன்னால் விளம்பரம் ஓடும்போது சிட்டிபாபு எழுந்து செருப்பை மாட்டிக்கொள்வார். சென்னை அணி ஆடும் நாளில் ஐயம்பேட்டையில் அவர் தெருவுக்கே இது பழக்கம். விளக்குக் கம்பத்தடியில் வந்து நிற்பார். முகம் பஸ் வரும் பக்கம் திரும்பியிருக்கும்; காது மட்டும் வீடுகளுக்குள் இருக்கும்.

"சத்தத்துலயே தெரிஞ்சிடும்பா. ஜெயிச்சா பசங்க கத்துவானுங்க. தோத்தா ஒருத்தனும் வாயத் தொறக்க மாட்டான், சேனல மாத்துவான். நாலு வூட்லயும் நாலு சீரியல் பாட்டு கேட்டுதுன்னா பூட்ச்சுன்னு அர்த்தம்."

ஒரு காலத்தில் அவரும் கடைசிவரை உட்கார்ந்து பார்த்தவர்தான். அப்படிப் பார்த்த ஓர் ஆட்டத்தில் அணி தோற்றது. அடுத்ததிலும் தோற்றது. தன் கண் பட்டால்தான் தோற்கிறது என்று அன்றே தீர்மானித்துவிட்டார். முதல் பந்திலிருந்து இமை கொட்டாமல் பார்க்கிற மனிதர், ஜெயிக்கிற கணத்தை மட்டும் மறுநாள் போனில்தான் பார்ப்பார்.

பிள்ளையார்பாளையத்தில் நான் வேலை செய்யும் இடத்தில்தான் அவரும் இருக்கிறார். புடவைக்கு உரு வரைவது நான். அதைத் தறிக்கு ஏற்ற அட்டைகளில் ஓட்டைகளாக அடித்துக் கோத்துக் கொடுப்பது அவர். அட்டையில் ஓட்டை விழுந்த இடத்தில்தான் தறியில் இழை எழும்பும். ஐம்பதை ஒட்டிய வயது, ஒல்லி உடம்பு. அட்டையிலிருந்து உதிர்ந்த பொட்டு பொட்டான வட்டங்கள் எப்போதும் அவர் சட்டைப் பையிலும் காதோரத்திலும் ஒட்டியிருக்கும். வேலையில் சுத்தமானவர். ஒரே ஒரு தடவைதான் பிசகியது. மாலை ஆட்டம் ஒன்றின் கடைசி ஓவருக்காகப் அட்டைகளைப் பாதி கோத்த நிலையில் எழுந்து வெளியே போனவர், திரும்பி வந்து மீதியைக் கடைசியிலிருந்து தலைகீழாகக் கோத்துவிட்டார். இரண்டு நாள் கழித்து நெசவாளர் ஆனந்தகுமார் போன் செய்தார்.

"அண்ணே, மயிலு முதுகுல கொண்டை மொளைச்சிருக்குது. கழுத்து அதுக்கும் மேல தனியா நிக்குது. புது டிசைனா இது?"

"அன்னிக்கு ஜெயிச்சிட்டோம்டா" என்றார் சிட்டிபாபு. மயிலை எங்கள் செலவில் திருத்திக் கொடுத்தோம்.

பார்க்கவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை, பிறகு எதற்கு இந்தப் பாடு என்று ஒருநாள் அவரைக் கேட்டேன். அட்டை அடிக்கும் இயந்திரத்தை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "முந்தானைல எந்த எடத்துல எந்த இழை எழும்பும்னு எனக்கு இன்னிக்கே தெரியும். நெய்யறவன் அத ரெண்டு வாரம் கழிச்சித்தான் பாப்பான். நாள் முச்சூடும் தெரிஞ்சதையே அடிச்சிக்கினு கெடக்கறேன். மேட்ச் ஒண்ணுக்குத்தான்பா யாரும் அட்டை அடிச்சி வெக்கல."

சொல்லிவிட்டுச் சிரித்தார். "அதனாலதான் பயமாவும் இருக்குது."

அவர் மனைவி அம்சா ஏனாத்தூரில் ஒரு கல்லூரி கேன்டீனில் தோசை ஊற்றுகிறார். போன வருடம் அம்சாவின் கழுத்தில் ஒரு கட்டி வந்தது. அது என்ன கட்டி என்று சொல்ல டாக்டர் உள்ளே கூப்பிட்ட நேரம், சிட்டிபாபு செருப்பை மாட்டிக்கொண்டு எதிர் டீக்கடைக்குப் போய்விட்டார். ஆபரேஷன் செய்தாக வேண்டும் என்பதை அம்சா தனியாக உட்கார்ந்து கேட்டார்.

"வெளிய வந்தப்போ என் மூஞ்சிய பாத்து தெரிஞ்சிக்கினாரு தம்பி. என் மூஞ்சி இன்னா ஸ்கோர் போர்டா?" என்று அம்சா என்னிடம் கேட்டபோது சிட்டிபாபு அட்டைகளை அடுக்குவதில் மும்முரமாக இருந்தார்.

ஆபரேஷன் நன்றாக முடிந்தது. கட்டி மறுபடி தலைகாட்டுகிறதா என்று பார்க்க ஸ்கேன் எடுத்தார்கள். முடிவை ஒரு திங்கட்கிழமை காலையில் வந்து கேட்டுக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள்.

அதற்கு முந்தின மாலை ஆட்டம் இருந்தது. நானும் பக்கத்து வீட்டு உதயகுமாரும் அவர் வீட்டில் இருந்தோம். கடைசி ஓவரில் சென்னைக்குப் பத்து ரன் தேவை. சிட்டிபாபு எழுந்தார். அம்சா அவர் சட்டை நுனியைப் பிடித்தார்.

"குந்து."

"அம்சா, வெளையாடாத. மேட்ச் டைட்டா கீது."

"அதுக்குத்தான் சொல்றேன். நாளைக்கு என்கூட உள்ள குந்தணும் இல்ல? இன்னிக்கு குந்திப் பாரு."

"அக்கா, மாமாவ விட்டுடுக்கா! இவரு இருந்தா கண்டிப்பா ஊத்திக்கும்" என்று உதயகுமார் கெஞ்சினான்.

"நீ வாய மூட்றா. உனக்கு கப்பு முக்கியம், எனக்கு இவரு முக்கியம்."

சிட்டிபாபு உட்கார்ந்தார். இரண்டு கையாலும் தொடையைப் பிடித்துக்கொண்டார். முதல் பந்தில் நான்கு வந்தது. பிறகு ஒரு விக்கெட் போனது. கடைசிப் பந்து எல்லைக் கோட்டருகே பிடிபட்டது. சென்னை தோற்றது.

"நான் சொன்னேன் இல்ல" என்று முணுமுணுத்துக்கொண்டே உதயகுமார் ரிமோட்டை எடுத்தான். சிட்டிபாபு அவன் கையைத் தடுத்தார். திரையில் இரண்டு அணிகளும் வரிசையாக நின்று கைகொடுத்துக்கொண்டிருந்தன. கேட்ச் கொடுத்து அவுட்டான பையனின் தோளில், பிடித்தவன் கையைப் போட்டு ஏதோ சொல்ல, இருவரும் சிரித்தார்கள்.

"இதெல்லாம் பண்ணுவானுங்களா?" என்றார் சிட்டிபாபு.

"எல்லா மேட்ச்லயும் பண்ணுவாங்க மாமா. நீதான் கம்பத்தாண்ட நின்னுக்கினு இருப்பியே."

"தோத்தவனும் நிக்கிறான் பாரு, அம்சா" என்றார். அம்சா சாப்பிடத் தட்டு எடுத்து வைத்தார்.

மறுநாள் ஆஸ்பத்திரிக்கு நானும் போயிருந்தேன். "இவரு ஓடினா நீயாவது புடிச்சிக் குடு தம்பி" என்று அம்சாதான் வரச் சொல்லியிருந்தார். வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். வாசலுக்கு வெளியே அதே டீக்கடை. பாலை ஆற்றும் சத்தம் உள்ளேவரை கேட்டது. சிட்டிபாபு ஒரு தடவை அந்தப் பக்கம் பார்த்தார்.

நர்ஸ் வந்து, "அம்சா யாருமா? டாக்டர் கூப்பிடுறாரு" என்றார்.

அம்சா எழுந்தார், திரும்பிப் பார்க்காமல் நடந்தார். நான் சிட்டிபாபுவைப் பார்த்தேன். அவர் எழுந்து நின்றார். நின்றது நெடுநேரம் போலத் தோன்றியது. பிறகு விறுவிறுவென்று நடந்து அம்சாவுக்குப் பின்னாலேயே அறைக்குள் போனார். கதவைச் சாத்த நர்ஸ் கை வைத்தார். அதற்குள் சிட்டிபாபு உள்ளிருந்து கையை நீட்டி, கதவை இழுத்துத் தானே சாத்திக்கொண்டார்.