ஸ்கானுக்குப் போன அன்ரியும் ஜேர்மன் பேய்ப்பட இசையும்

இண்டைக்குக் காலமை பஸ்ஸில, ஒரு ஜேர்மன் இசைக்குழு பேய்ப்படத்துக்குப் போட்ட இசையைக் கேட்டுக்கொண்டு போனன். பாட்டே இல்லை. இரும்பு உரசிற சத்தமும், தூரத்தில ஆரோ மூச்சு விடுற மாதிரி ஒரு இரைச்சலும்தான். எனக்கு அதெண்டால் உயிர்.

புளூடூத் கழண்டது தெரியேல்லை. பஸ் முழுக்கக் கேட்டிட்டுது.

பக்கத்தில இருந்த அன்ரி திடுக்கிட்டுத் திரும்பினா. "சொறி அன்ரி" எண்டு நிப்பாட்டப் போனன்.

"நிப்பாட்டாதையும் பிள்ளை. எம்.ஆர்.ஐ மெசினுக்குள்ள உந்தச் சத்தம்தான். போன முறை பயந்து பாதியில வெளிய வந்திட்டன். இண்டைக்கும் அங்கதான் போறன்."

புளூடூத்தைத் திரும்பப் போட்டு, ஒரு இயர்பட்டை அவவிட்டக் குடுத்தன். வோபர்ன் பஸ் ஸ்ரொப்பில இருந்து ஆஸ்பத்திரி மட்டும் கண்ணை மூடிக் கேட்டா. என்ர கையை விடவே இல்லை. வேலைக்கு லேட் எண்டு மெசேஜ் போட்டிட்டு நானும் இறங்கினன்.

முக்கால் மணித்தியாலத்தால ஸ்கான் முடிஞ்சு சிரிச்சுக்கொண்டு வந்தா.

"அசையாமல் கிடந்தன் பிள்ளை! உம்மட ஜேர்மன்காரர் வாசிக்கினம் எண்டு நினைச்சுக்கொண்டு கிடந்தன்."

கட்டிப்பிடிச்சு, என்ர நம்பரையும் வாங்கினா. அடுத்த கிழமை அவவுக்குப் பல்லு ட்ரில் பண்ண வேணுமாம். அந்தச் சத்தத்துக்குக் கிட்டவா ஏதும் இசை தெரிஞ்ச ஆக்கள் கீழ சொல்லுங்கோ.