அக்கா வைத்த பட்டர்கப்

சென்ற மாசியில் ஒரு வெள்ளிக்கிழமை, காலை ஐந்தே முக்கால் மணி. அக்காவின் எண்ணூர் வீட்டு வாசலில் முதலில் கண்ணில் பட்டது தெர்மகோல் பெட்டி. அதிலிருந்த மண்ணின் மேல் வைத்த ஐஸ் இன்னும் முழுதாக உருகவில்லை. பக்கத்தில் நாற்காலியில் அக்கா சாய்ந்திருந்தார். மூச்சு இல்லை.

அக்கா பிறந்தது காலடிப்பேட்டையில். வாழ்க்கைப்பட்டது எண்ணூரில். கணவர் கடலில் இறந்தபின் காசிமேட்டில் மீன் எடுத்து, எம்.கே.பி. நகர் தெருக்களில் விற்று, ஒரே மகள் தேவியை நர்சிங் படிக்க வைத்தார். நேற்றைய மீனை இன்றைய மீன் என்று ஒருநாளும் சொன்னதில்லை. மீன் தண்ணீர் சொட்டினால் ஷேர் ஆட்டோவில் ஏற்ற மாட்டார்கள் என்பதால், எந்தப் பெட்டி வாங்கினாலும் முதல் வேலையாக அதன் அடித்துளையை டேப் ஒட்டி அடைத்துவிடுவார்.

அக்காவின் நுரையீரல் நோய்க்கு இனி மருந்தில்லை என்று மருத்துவர் சொன்ன கார்த்திகையில், தேவி தான் வேலை செய்யும் குளிர் நாட்டிலிருந்து பட்டர்கப் என்ற மஞ்சள் பூச்செடியின் கிழங்குகளை ஒருவரிடம் கொடுத்தனுப்பினாள். நட்டு மூன்று மாதத்தில் பூக்கும். அவளுக்கும் அப்போதுதான் விடுப்பு.

“இன்னாடா இது, காஞ்ச நண்டுக்காலு மாரி கீது. கொழம்பு வெக்கச் சொல்லி அனுப்ச்சிக்கிறாளா?” என்று அக்கா சிரித்தார்.

தேவி போனில் சொல்லச் சொல்லச் செய்தார். கிழங்குகளைச் சில மணி நேரம் ஊறவைத்தார். அவை உப்பியதும், பழைய மீன் பெட்டி ஒன்றில் மணல் கலந்த மண் நிரப்பி, விரல் போன்ற நுனிகள் கீழே இருக்கும்படி இரண்டு அங்குல ஆழத்தில் புதைத்தார். காலை வெயில் போதும், சூடு ஆகாது. அதற்காகத்தான் தினமும் விடியலில் ஐஸ்.

“தண்ணி மட்டும் நிக்கவே கூடாதும்மா. அழுகிடும்” என்றாள் தேவி.

“பொட்டிக்கு அடியில ஓட்டை கீதுடி. எனுக்குத் தெரியாதா? நீ லீவு போட்ற வழியப் பாரு.”

திருவொற்றியூர் நர்சரி ஒன்றில் பட்டர்கப் என்று விற்ற, பூத்த செடி ஒன்றை நான் வாங்கிப் போனேன். அக்கா இலையைத் தடவிப் பார்த்தார். ஓரம் ரம்பம் போல் இருந்தது. தேவி அனுப்பிய படத்தில் இலை கொத்தமல்லி போல் பிளந்திருந்தது. அந்தப் படத்துப் பூவின் மஞ்சள் இதழ்கள் எண்ணெய் தடவியதுபோல் மின்னின.

“இத்த நீயே வெச்சிக்க நைனா. நான் அதுக்காண்டி உக்காந்துகினு கீறேன்.”

தை பிறந்ததும் ஓர் இலை வந்தது. கொத்தமல்லி இலைதான். அதில் படிந்த அனல்மின் நிலையச் சாம்பலை அக்கா ஈரத்துணியால் துடைத்துவிட்டு, படம் எடுத்துத் தேவிக்கு அனுப்பச் சொன்னார். அடுத்த வாரம் அது பழுத்துச் சாய்ந்தது. பிறகு எதுவும் முளைக்கவில்லை. அக்கா ஐஸ் வைப்பதை நிறுத்தவும் இல்லை.

அவர் நடக்க முடியாதபோது நாள் தவறாமல் ஐஸ் கொண்டுவந்து கொடுத்த பக்கத்து வீட்டு மல்லிகா அம்மாவுக்கும், கேட்ட நேரத்தில் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்ற ஷேர் ஆட்டோ ஓட்டுநர்களுக்கும், கடைசிவரை உடன் நின்ற தெருவாருக்கும் எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது.

காரியத்துக்கு முந்தைய நாள் மாலை தேவி வந்து சேர்ந்தாள். இருவருமாகப் பெட்டியைக் கவிழ்த்தோம். கிழங்குகள் கூழாகியிருந்தன. அடித்துளையில் டேப் ஒட்டியிருந்தது.