கரண்டியால் தட்டாத ஞாயிறு

சித்தப்பா மகளைக் கண்டால் எனக்கு அப்போது வயிறெரியும். என்னைவிட ஒன்றரை மாதம் இளையவள். கணக்கில் என்னைவிடக் குறைவு. ஆனாலும் பள்ளியில் அவளைத்தான் எல்லோருக்கும் தெரியும். அவள் அப்பா ராணுவத்தில் இருந்தார். ஆப்பிரிக்காவுக்கு அமைதிப்படையில் போனவர், அவளுக்கு ஒரு நீலத் தொப்பி அனுப்பியிருந்தார். என் அப்பாவோ டிபன் பாக்ஸோடு பல்லாவரம் ஆபீசுக்குப் போய், டிபன் பாக்ஸோடு திரும்புகிறவர். அவரை வைத்துக்கொண்டு யாரிடம் பீற்றிக்கொள்வது?

அஸ்தினாபுரத்தில் கீழே நாங்கள், மாடியில் சித்தியும் அவளும். போன் எங்கள் வீட்டில்தான் இருந்தது. ஞாயிறு காலை சித்தப்பா கூப்பிடுவார். மணி அடித்ததும் நான் எடுத்து, மாடிப்படிக் கம்பியில் கரண்டியால் மூன்று தட்டு தட்ட வேண்டும். இருவரும் தடதடவென்று இறங்கி வருவார்கள். சித்தி ஐந்து நிமிடம், அவள் ஐந்து நிமிடம். நான் கரண்டியோடு நின்று வேடிக்கை பார்ப்பேன்.

அந்த ஞாயிறு அப்பாவும் அம்மாவும் மார்க்கெட் போயிருந்தார்கள். போன் வந்தது.

"பெரிய பாப்பாவா? சித்தியக் கூப்பிடுடா கண்ணு. பின்னால ஆளுங்க நிக்கிறாங்க, பத்து நிமிஷம்தான் குடுப்பாங்க."

"வந்துட்டே இருக்காங்க சித்தப்பா" என்றேன். கரண்டி கையில்தான் இருந்தது. ஒரே ஒரு நாள் அவர் எனக்கு மட்டும் சித்தப்பாவாக இருந்தால் என்ன குறைந்துவிடும் என்று தோன்றியது. கணக்கில் தொண்ணூற்றெட்டு வாங்கியதைச் சொன்னேன். அவள் வாங்கிய அறுபத்தொன்றையும் சேர்த்தே சொன்னேன்.

சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"சித்திகிட்ட சொல்லிடாத கண்ணு. ரெண்டு வாரமா சித்தப்பாவுக்குத் தூக்கமே இல்ல. காலைல கை கொடுக்கறவன்தான் சாயங்காலம் சுடறான். எவன் எப்படின்னே தெரியல. வீட்டுக்கு வந்துட்டா போதும்னு இருக்கு."

"சித்தப்பா, எனக்கும் ஒரு தொப்பி வேணும்" என்றேன்.

"சரிடா, உனக்கும் ஒண்ணு" என்றார். லைன் கட்டானது.

அப்புறம்தான் தட்டினேன். சித்தி தலையில் சீயக்காயோடு ஓடி வந்தாள். "எடுத்தவுடனே கட்டாயிடுச்சு சித்தி" என்றேன். திரும்பக் கூப்பிடுவார் என்று இருவரும் மதியம்வரை போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்கள். ஈரத் தலையைக்கூடச் சித்தி துவட்டிக்கொள்ளவில்லை.

அடுத்த ஞாயிறுவரை போகவில்லை. வியாழக்கிழமையே இரண்டு ராணுவக்காரர்கள் வந்துவிட்டார்கள். சித்தப்பா ரோந்து போன வண்டியை அங்கே யாரோ சுட்டிருக்கிறார்கள். பள்ளியில் அவளை மேடையில் நிறுத்தி மௌன அஞ்சலி செலுத்தினார்கள். சொல்ல வெட்கமாக இருக்கிறது, அதற்கும் பொறாமைப்பட்டேன்.

ஒரு மாதம் கழித்து அவருடைய இரும்புப் பெட்டி வந்தது. உள்ளே ஒரு நீலத் தொப்பி. அதில் குத்தியிருந்த தாளில் 'பெரிய பாப்பாவுக்கு' என்று எழுதியிருந்தது. அவளுக்கென்று எதுவும் இல்லை. சித்தி அதை என்னிடம் நீட்டினாள். நான் அங்கேயே தலையில் வைத்துக்கொண்டேன்.

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எடுத்தவுடனே கட்டாயிடுச்சுன்னு சொன்ன. தொப்பி எப்பக் கேட்ட?"

நான் தொப்பியைச் சரிசெய்துகொண்டேன். ஒருவழியாக அவளுக்கும் என் மேல் பொறாமை வந்துவிட்டது என்றுதான் அன்று நினைத்தேன்.