நான் சொல்லாமல் விட்ட பெயர்

என் கணவர் பினாங்கில் துணிக்கடை வைத்திருந்தார். என்னையும் மகளையும் அங்கே அழைத்துக்கொள்வதாக எழுதியதும், கொழுந்தனார் பழவேற்காட்டிலிருந்து என்னைப் பொன்னேரிக்குக் கூட்டிப்போய், பாஸ்போர்ட்டுக்கு மனு எழுதுபவர் முன் உட்காரவைத்தார். அண்ணன் பெயர் அப்துல் கபூர் என்று சொல்லிவிட்டு ஸ்டாம்பு வாங்கப் போனார்.

மனு எழுதுபவர் எழுதியதைப் படித்துக் காட்டினார். "ஊட்டுக்காரர் பேரு அப்துல் கபார். சரிதானேம்மா?"

தலையாட்டி மறுத்தேன்.

"அப்ப இன்னா பேரு? வாயத் தொறந்து சொன்னாத்தானே எழுத முடியும்?"

எங்கள் பக்கத்தில் பெண்கள் புருஷன் பெயரைச் சொல்வதில்லை. சொன்னால் அவர் ஆயுள் குறையும் என்பார்கள். கொழுந்தனாரையும் காணோம். பின்னால் ஆட்கள் முணுமுணுத்தார்கள். "அப்படியே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டேன்.

ஓர் எழுத்துதானே என்று பிறகு கொழுந்தனாரிடமும் சொல்லவில்லை. பாஸ்போர்ட்டும் அப்படியே வந்தது. கணவருடைய காகிதங்களில் வேறு பெயர் இருக்கிறதென்று நான் அங்கே வர அவர் கேட்ட அனுமதியைப் பினாங்கில் மறுத்துவிட்டார்கள். திருத்தம் கேட்டு எழுதிவிட்டுக் காத்திருந்தபோது தந்தி வந்தது. காய்ச்சலில் அவர் போய்விட்டார். அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள். புருஷனை இழந்தவளாக வீட்டுக்குள்ளேயே நான் இத்தா இருந்த நாட்களில் திருத்திய பாஸ்போர்ட் தபாலில் வந்தது.

போன மாதம் மகளைப் பள்ளியில் சேர்த்தேன். "கொயந்தையோட அப்பா பேரு இன்னாம்மா?" என்றார் வாத்தியார். கூட வந்த கொழுந்தனார் வாய் திறப்பதற்குள், "அப்துல் கபூர்" என்று நானே சொன்னேன். எழுதியதைப் படிக்கச் சொல்லியும் கேட்டேன்.

இப்போது யார் கேட்டாலும் சொல்லிவிடுகிறேன். அவர் காதில்தான் அது ஒருமுறைகூட விழவில்லை.