எதிரே வந்த சோவியத் செயற்கைக்கோள்

ஜெபராணி கலிபோர்னியாவில், மில்பிடாஸ் ஊரில் ஒரு சின்னக் கம்பெனியில் வேலை பார்த்தாள். மழைமேகங்களைப் படம்பிடிக்க, மைக்ரோவேவ் அடுப்பு அளவில் ஒரு செயற்கைக்கோளைச் செய்து அவர்கள் விண்ணுக்கு அனுப்பியிருந்தார்கள். அதை நம்பித்தான் கம்பெனி. கம்பெனியை நம்பித்தான் அவள் விசா.

திங்கட்கிழமை எச்சரிக்கை வந்தது. அவள் பிறக்கும் முன்பே சோவியத் நாடு வானிலை பார்க்க ஏவி, எப்போதோ செத்துப்போன பெரிய செயற்கைக்கோள் ஒன்று மறுநாள் இவர்களுடையதை உரசுகிறாற்போலக் கடக்கப்போகிறது. விலகிப்போக இவர்களுடையதில் எஞ்சின் கிடையாது.

"சோலார் பேனலோட விளிம்பு மட்டும் அது வர்ற பக்கம் இருக்கிற மாதிரி திருப்பிடலாம். அடிபடற பரப்பு குறையும்," என்றாள்.

மேலாளர் சிவராமகிருஷ்ணன் தயங்கினார். "திருப்பினா வெயில் படாதே. பேட்டரி செத்தா நாமளே கொன்ன மாதிரி. மோதற சான்ஸ் ரொம்ப கம்மி ஜெபராணி."

"கம்மிதான் சார். ஆனா மோதினா நம்மளதோட போகாது. துண்டு துண்டா செதறி மத்ததையும் அடிக்கும்."

"அப்ப நீயே டிசைட் பண்ணு."

அதுதான் அவளை அதிகம் பயமுறுத்தியது. கடந்து முடிந்ததும் பேனல்கள் தாமாகப் பழைய நிலைக்குத் திரும்பும்படி எழுதி, கட்டளையை அனுப்பினாள். அன்று இரவு, பக்கத்து ஊரான பிளசன்டனில் அவள் வீட்டில் சோறு அடிப்பிடித்தது. மகள் ஃபெபி, "அம்மா, ஆர் யூ சிக்?" என்று கேட்டாள்.

மறுநாள் இரண்டும் உரசிக் கடக்கவேண்டிய நேரம் தாண்டியது. மதியம் அலுவலக பார்க்கிங்கில் கணவன் தேவநேசன் கையில் ஆன்டெனாவோடு நின்றான். அவன் பொழுதுபோக்காக வானொலி அலைகளைப் பிடிக்கும் அமெச்சூர் ரேடியோக்காரன். இவர்களுடைய செயற்கைக்கோளின் சமிக்ஞையையும் அந்த ஆன்டெனாவால் பிடிக்கலாம். அது கலிபோர்னியாவைத் தாண்டும்வரை ஆன்டெனாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். வெறும் இரைச்சல்.

"பேட்டரியா இருக்கும், ராணி. அடுத்த சுத்துல பாப்போம்."

"மோதியிருந்தா?"

அவன் ஆன்டெனாவைத் தாழ்த்தினான். பிறகு மெதுவாக, "அந்தப் பழசையும் உன்னை மாதிரி யாரோ ஒருத்தி உக்காந்து செஞ்சிருப்பா," என்றான்.

"அதத்தாங்க நானும் நெனச்சேன். நாளைக்கு நம்மளதும் செத்து, இப்படித்தான யார் மேலயோ போய் விழும்?"

அடுத்த சுற்றில், இரைச்சலுக்கு அடியில், நூல் போல ஒரு பீப் கேட்டது. பிறகு இன்னொன்று. ஜெபராணி அப்படியே நடைபாதை விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள்.

வெயில் பட்டுப் பேட்டரி தேறிக்கொண்டது. கேமரா மட்டும் பல நாள் விழிக்காமல் சிவராமகிருஷ்ணனைச் சிடுசிடுக்க வைத்து, ஒருநாள் பசிபிக்கின் மேல் திரண்ட மேகத்தின் படத்தை அனுப்பியது. அதை அவர் பெரிதாக அச்சிட்டுச் சுவரில் ஒட்டினார். ஜெபராணி தன் இடத்தில் உட்கார்ந்து, செயற்கைக்கோளை அதன் ஆயுள் முடிவதற்குள் எஞ்சின் இல்லாமலே கீழே இறக்கி, காற்றுமண்டலத்தில் எரித்துவிட வழி தேடத் தொடங்கினாள்.