கறந்த சூட்டோடு ஒரு சொம்புப் பால்

இன்று காலை பால் பாக்கெட்டைக் கத்தரிக்கும்போது கை தவறி, அடுப்படியெல்லாம் பால். துடைக்கக் குனிந்தால் ஒரு வாசனையும் இல்லை. குளிர்ந்த பாலுக்கு ஏது வாசனை! கறந்த சூட்டோடு வரும் பாலில்தான் மாட்டு மடியும் வைக்கோலும் மணக்கும். அது நினைவுக்கு வந்தால் பாக்கியத்தம்மாவின் முகமும் கூடவே வந்துவிடும். அன்றைக்குக் காப்பி போடமாட்டேன்.

நீடாமங்கலத்துக்குப் பக்கத்து ஊர்ப் பள்ளியில் எனக்கு முதல் வேலை. ஏழாம் வகுப்புக்கு அறிவியல். அடர்த்திப் பாடத்தை நானே கண்டுபிடித்தவள் மாதிரி அலட்டிக்கொண்டேன். கட்டையை மிதக்கவிட்டேன், ஆணியை முழுகவிட்டேன், உப்புத் தண்ணீரில் முட்டையை நிறுத்தினேன். பிள்ளைகள் கைதட்டினார்கள். அதற்குப் பிறகு மனசு சும்மா இருக்குமா? மறுநாள் கடைசிப் பீரியடுக்குப் பால்மானியோடு போனேன். பாலுக்குள் விட்டால் செங்குத்தாக நிற்கும் கண்ணாடிக் குழாய் அது. நல்ல பாலில் குழாயில் போட்ட கோடு வரைதான் இறங்கும்; தண்ணீர் கலந்த பாலுக்கு அடர்த்தி குறைவு, குழாய் கூடுதலாக இறங்கிவிடும்.

"யார் வீட்ல மாடு இருக்கு?"

செல்வராணி எழுந்து ஓடினாள். பின்தெருதான் வீடு. அவள் அம்மா பாக்கியம் பால் ஊற்றித்தான் குடும்பத்தை நடத்திவந்தார். அப்போதுதான் கறந்த பாலில் ஒரு சொம்பு, நுரையோடு வந்தது.

பால்மானி கோட்டைத் தாண்டி இறங்கியது.

"கள்ளப் பாலு டீச்சர்!" என்று ஒருவன் கத்தினான். வகுப்பே சிரித்தது. உங்களிடம் மறைப்பானேன், நானும் சிரித்தேன்.

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? டீக்கடைக்காரர் முதலில் பாலை நிறுத்தினார், பிறகு ஒவ்வொரு வீடாக நிறுத்தினார்கள். பாக்கியத்தம்மா என் வாசலில் வந்து நின்றார்.

"மாரியம்மன் சத்தியமா ஒரு சொட்டு ஊத்தலைங்க டீச்சர். நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க."

"கருவி பொய் சொல்லாதும்மா," என்றேன். என்ன திமிர் பாருங்கள்!

அடுத்து வெப்பப் பாடம். சூடானால் திரவம் விரியும், அடர்த்தி குறையும் என்று கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தேன். செல்வராணி எழுந்தாள்.

"அப்பன்னா டீச்சர், பாலு சூடா இருந்தாலும் அது இறங்குமா?"

கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டேன். "பாடத்த மட்டும் கவனி. உக்காரு," என்றேன். உட்கார்ந்துவிட்டாள்.

அன்று சாயங்காலம் வேறொரு வீட்டில் என் கண்ணெதிரே கறந்த பாலை வாங்கிவந்து பார்த்தேன். சூட்டோடு விட்டால் குழாய் இறங்கியது. நன்றாக ஆறவைத்து விட்டேன், சரியாகக் கோட்டில் நின்றது. நாளைக்கு வகுப்பில் சொல்லிவிட வேண்டும் என்றுதான் நினைத்தேன். பிள்ளைகள் சிரிப்பார்களே, தலைமையாசிரியர் என்ன நினைப்பார் என்று நாளைக்கு நாளைக்கு என்றே தள்ளினேன். பாக்கியத்தம்மா மாடுகளை விற்றுவிட்டுக் களையெடுக்கப் போனார். எனக்குப் பட்டுக்கோட்டைக்கு மாற்றல் வந்தது. தப்பித்தோம் என்று பஸ் ஏறிய ஜென்மம் நான்.

போன மாதம் அந்த ஊரில் ஒரு கல்யாணத்துக்குப் போனவள், பின்தெருவுக்கும் போனேன். பாக்கியத்தம்மாவின் மாட்டுக் கொட்டகை இருந்த இடத்தில் கார் நிற்கிறது. தெருவில் ஒரு மாடுகூட இல்லை. டீக்கடையிலும் பாக்கெட் பால்தான். கடைப் பெரியவரிடம் பாக்கியத்தம்மாவை விசாரித்தேன்.

"யாரு, தண்ணிப்பால் பாக்கியமா? அது போய்ச் சேந்து ரொம்ப வருசம் ஆச்சுங்களே. மகளும் எங்கயோ வாக்கப்பட்டுப் போயிடுச்சு."

"அது நல்ல பாலுங்க. நான்தான் தப்பாப் பாத்துட்டேன்."

அவர் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தார்.

"இருக்கட்டுங்க. இப்ப சொல்லி என்னங்க?"